இல்லை என்பதற்கு எத்தனை இமைப்பு?

என் அத்தை தன் கடைசி ஒன்றரை ஆண்டு பேசவில்லை. மூளைத்தண்டில் வந்த பக்கவாதம். சொல்வது அவருக்குப் புரிந்தது. ஆட்களை அடையாளம் தெரிந்தது. தொலைக்காட்சியில் பழைய படப்பாட்டு ஓடினால் கண் நிறைந்தது. நாக்கும் கையும் காலும்தான் வரவில்லை. அந்தக் காலத்தில்தான் வீட்டைப் பெரிய அத்தான் பெயருக்கு எழுதும் செட்டில்மென்ட் பத்திரம் தயாரானது. சார்பதிவாளர் வீட்டுக்கே வந்திருந்தார். கட்டில் ஓரத்தில் நானும் நின்றிருந்தேன். “சம்மதம்னா கண்ண மூடும்மா” என்றார் அத்தான். அத்தை கண்ணை மூடினார். மூடாமல் ஒருவரால் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு ஒற்றினார்கள். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று அந்த அறையில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மூளைக்குள் மின்முனைகளைப் பதித்து அதன் இயக்கத்தைப் பதிவு செய்யும் ஆய்வுகளைப் பற்றி எது கிடைத்தாலும் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். அந்த அறையில் நின்றவளாகத்தான் வாசிக்கிறேன். நான் தமிழ் படித்தவள். நரம்பியலில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒரு பிரதியை எப்படி வாசிப்பது என்று தெரியும். அகப்பாடலை வகுப்பில் எடுக்கும்போது மாணவர்களிடம் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: கூற்று யாருடையது? கேட்போர் யார்? அறிவியல் கட்டுரைகளையும் அவற்றைச் சுற்றி எழுந்த செய்திகளையும் இந்த இரண்டு கேள்விகளோடு வாசித்தால் என்ன கிடைக்கும் என்பதே இங்கே என் முயற்சி.

முதலில் கருவி. 2017இல் ‘நேச்சர்’ இதழில் அறிமுகமான நியூரோபிக்சல்ஸ் என்ற மின்முனை ஊசியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வகமும் பிரிட்டிஷ், அமெரிக்க அறக்கட்டளைகள் சிலவும் சேர்ந்து முன்னெடுத்தது. பெல்ஜியத்தின் லூவன் நகரிலுள்ள ஐமெக் நிறுவனம் கணினிச் சில்லு செய்யும் முறையிலேயே செய்துகொடுத்தது. 10 மில்லிமீட்டர் நீளமுள்ள சிலிக்கான் தண்டு. அகலம் ஏறக்குறைய ஒரு தலைமுடி. அந்த நூலளவு தண்டில் 960 பதிவுப் புள்ளிகள். அவற்றில் 384 ஒரே நேரத்தில் கேட்கும். அதற்கு முன்பிருந்த கருவிகளால் சில பத்து நியூரான்களை ஒட்டுக்கேட்க முடிந்ததென்றால் இதனால் நூற்றுக்கணக்கானவற்றைக் கேட்க முடிந்தது. 2021இல் வந்த அடுத்த வடிவத்தில் நான்கு தண்டுகள், 5,120 புள்ளிகள். நியூரான் ஒவ்வொன்றும் தூண்டப்படும்போது ஒரு மின்துடிப்பை வெளியிடுகிறது. எந்தத் துடிப்பு எந்த நியூரானுடையது என்பதைக் கணினி பிரித்தெடுக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்குமே, அதுபோல.

எலிகளில் தொடங்கிய இந்தக் கேட்பு மனிதருக்கு வர அதிக காலம் ஆகவில்லை. 2022இல் வேறு காரணத்துக்காக மூளை அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களிடம், அவர்கள் ஒப்புதலோடு, அறுவையின் நடுவே சில நிமிடங்கள் இந்த ஊசியால் பதிவு செய்தார்கள். மெல்லிய ஊசி உடையக்கூடும் என்பதால் தடிமனான ஊசி தேவைப்பட்டது. 2023இல் காதில் விழும் பேச்சை உணரும் பகுதியில் 9 இடங்களிலிருந்து 685 நியூரான்களைப் பதிவு செய்த ஆய்வு வந்தது. 2024 ஜனவரியில் வந்த இன்னோர் ஆய்வு என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லத் தயாராகும்போதே, வாய் திறக்கும் முன்பே, அந்தச் சொல்லில் எந்த ஒலிகள் எந்த வரிசையில் வரப்போகின்றன என்பதை முன்மூளையின் நியூரான்களில் காண முடிந்தது என்றது அது.

இது தொல்காப்பியத்தின் பிறப்பியல் நின்ற வாசல். உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று பட்டு எழுத்தாகப் பிறப்பதை விரிவாகச் சொல்லும் அந்த இயல், முடிவில் ஓர் எல்லையை வகுத்துக்கொள்கிறது. அகத்தே எழும் காற்றின் ஓசையை அளந்து சொல்வது அந்தணரின் மறையில் இருக்கிறது. நான் சொல்வது வெளியே வந்து ஒலிக்கும் எழுத்தின் அளவை மட்டுமே என்கிறது. இலக்கணம் வெளியே வந்த ஒலியோடு நின்றுகொள்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அதன் அடக்கத்தை வியந்திருக்கிறேன். இப்போது வேறொன்றும் கண்ணில் படுகிறது. உள்ளே இருப்பது யாருக்கும் உரியதல்ல என்று அந்த நூற்பா விட்டுவிடவில்லை. அதற்கு ஓர் உரிமையாளரைக் குறிப்பிட்டுவிட்டுத்தான் நகர்கிறது.

பெண்ணின் உள்ளே இருப்பதற்கு உரிமையாளராக நின்றவர்களின் வரலாறு நீளமானது. மின்முனையின் வரலாறும் அதிலிருந்து விலகியதல்ல. சுயநினைவோடிருந்த ஒரு மனிதரின் மூளையில் மின்முனையைச் செருகி மின்சாரம் பாய்ச்சியதாகப் பதிவாகியிருக்கும் முதல் சோதனை 1874இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் நடந்தது. அந்த மனிதர் ஒரு பெண். மேரி ராஃபர்ட்டி, வயது 30, அயர்லாந்திலிருந்து வந்தவர், வீட்டுவேலை செய்து பிழைத்தவர். தலையில் வந்த புற்றுப்புண் மண்டையோட்டை அரித்து மூளையைத் திறந்துவிட்டிருந்தது. மருத்துவர் ராபர்ட்ஸ் பார்த்தலோ அந்தத் திறப்பின் வழியே ஊசிகளைச் செருகினார். மின்சாரம் பாய்ந்ததும் எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் அசைந்தன. மின்சாரத்தைக் கூட்டினார். மேரியின் முகத்தில் வேதனை தெரிந்தது, அழத் தொடங்கினார், வலிப்பு வந்தது, நினைவு தப்பியது. சில நாட்களில் இறந்துபோனார்.

பார்த்தலோவின் கட்டுரையைக் கூற்று, கேட்போர் என்று பிரித்தால் கூற்று முழுவதும் மருத்துவருடையது. மேரியின் சம்மதத்தைப் பெற்றதாக அவர் எழுதுகிறார். அதே மேரியை மந்தபுத்திக்காரி என்றும் எழுதுகிறார். ஆம் என்று சொல்ல மட்டும் அவருக்குப் புத்தி இருந்திருக்கிறது. அந்தக் கட்டுரையில் மேரியின் கூற்று என்று நான் கருதுவது ஒன்றைத்தான்: அழுகை. அது இல்லை என்பதாக வாசிக்கப்படவில்லை. ஓர் அவதானிப்பாகக் குறித்துக்கொள்ளப்பட்டது. சக மருத்துவர்கள் கண்டித்தார்கள், பார்த்தலோ வருத்தம் தெரிவித்தார். மூளையின் எந்தப் பகுதி எந்த உறுப்பை அசைக்கிறது என்ற அறிவுக்கு அந்தச் சோதனை ஓர் ஆதாரமாக நிலைத்துவிட்டது. மேரி ஓர் அடிக்குறிப்பாக நிலைத்தார்.

பிறகு பெண் வேறு விதமாகக் காணாமல்போனாள். 2009இல் வெளிவந்த விலங்கு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அன்னலீஸ் பியரியும் இர்விங் ஸுக்கரும், நரம்பியலில் ஆண் விலங்குகளை மட்டும் பயன்படுத்திய ஆய்வுகள் பெண் விலங்குகளை மட்டும் பயன்படுத்தியவற்றைப் போல் 5.5 மடங்கு இருந்ததைக் காட்டினார்கள். சொல்லப்பட்ட காரணம் நமக்குப் பழகிய காரணம்தான்: பெண் உடலில் ஹார்மோன் சுழற்சி உண்டு, அளவுகள் ஏறி இறங்கும், நம்ப முடியாது. 2014இல் நூற்றுக்கணக்கான எலி ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சுழற்சி நாளைக் கணக்கில் எடுக்காத பெண் எலிகளின் அளவுகள்கூட ஆண் எலிகளுடையதைவிட அதிகம் ஏறி இறங்கவில்லை. 2016 ஜனவரி முதல்தான் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் தன் நிதியைப் பெறுபவர்கள் இரு பாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. தீட்டு என்ற சொல் ஆய்வகத்தில் இல்லை. அதன் வேலையை வேறொரு சொல் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தப் பின்னணியோடு 2023 ஆகஸ்ட் 23க்கு வருகிறேன். அன்று ‘நேச்சர்’ இதழில் இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வந்தன. இரண்டின் நடுவிலும் ஒவ்வொரு பெண். ஒருவர் பாட் பென்னெட், 68 வயது, மனிதவளத் துறை அதிகாரியாக இருந்தவர், குதிரையேற்றப் பிரியர். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் பலருக்குக் கைகால்களில் தொடங்கும். அவருக்குப் பேச்சில் தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அவர் மூளையின் மேற்பரப்பில், 64 முனைகள் கொண்ட நான்கு சிறு சதுரங்களைப் பதித்தார்கள். மற்றவர் ஆன் ஜான்சன், கனடாவின் சஸ்காட்செவனைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். 2005இல், 30 வயதில், பெண் குழந்தைக்கு 13 மாதமே ஆகியிருந்தபோது, என் அத்தைக்கு வந்த அதே வகைப் பக்கவாதம் அவருக்கு வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 253 முனைகள் கொண்ட காகிதம்போன்ற தகட்டை அவர் மூளையின் மேல் பரப்பினார்கள். அது உள்ளே குத்தும் ஊசியல்ல. மேலே படியும் தாள்.

பேச முயலும்போது எழும் துடிப்புகளை இரண்டு கருவிகளும் ஆங்கில ஒலியன்களாகப் பிரித்துச் சொற்களாகக் கோத்தன. பாட் நிமிடத்துக்கு 62 சொற்கள் பேசினார், ஆன் 78. ஆன் அதுவரை பயன்படுத்திய, தலையசைவால் எழுத்து தேர்ந்தெடுக்கும் கருவியில் 14 சொற்கள்தான் வரும். சாதாரண ஆங்கிலப் பேச்சு ஏறக்குறைய 160. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தையின் ஒன்றரை ஆண்டை நிமிடங்களாகப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கருவியைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். பெண்ணின் உடலுக்குள் இயந்திரம் நுழைகிறதே என்று மட்டும் பதறும் விமர்சனம், பேச்சிழந்த பெண்ணின் கட்டிலருகே ஒருநாளும் உட்கார்ந்திராத விமர்சனம்.

ஆனால் செய்திகள் இதைச் சொன்ன விதம் வேறு. ‘குரலற்றவருக்குக் குரல் கொடுத்தது இயந்திரம்.’ நமக்கு இந்த வாக்கியம் தெரியும். பெண் எழுத்தைப் பற்றிய பாதி முன்னுரைகள் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. கொடுப்பவர் எழுவாய், பெறுபவர் நான்காம் வேற்றுமை. உண்மையில் நடந்தது என்ன? பாட் தலா நான்கு மணி நேரம் கொண்ட ஏறக்குறைய 25 அமர்வுகளில், வராத வாக்கியங்களைச் சொல்லச் சொல்ல முயன்று, அந்த நிரலுக்குத் தன் மொழியைக் கற்பித்தார். ஆன் வாரக்கணக்கில் அதையே செய்தார். அத்தனை உழைப்பும் கட்டுரையில் பயிற்சித் தரவு என்று பெயர் பெறுகிறது. கட்டுரைக்குள் பாட் என்ற பெயர் இல்லை, டி12 என்ற குறியீடுதான். அந்தரங்கம் காக்கும் நெறி அது, தவறென்று சொல்ல மாட்டேன். அகப்பாடலிலும் தலைவிக்குப் பெயர் சுட்டக் கூடாது என்பதே விதி. ஆனால் பெயர் சுட்டப்படாத தலைவி கூற்றுக்கு உரியவள். டி12 தரவுக்கு மட்டுமே உரியவர்.

ஆனின் குரலையும் கவனிக்க வேண்டும். கணினித் திரையில் அவருக்காக ஒரு முகம் பேசியது. அதன் குரல் பழைய ஒளிப்பதிவிலிருந்து எடுத்து உருவாக்கப்பட்டது. அவருடைய திருமணத்தன்று அவர் பேசிய பேச்சு அது. பதினெட்டு ஆண்டுகள் பேச்சில்லாமல் வாழ்ந்த, மகளை வளர்த்த, கண்ணால் கோபித்த, தலையசைத்து எழுத்தெழுத்தாக எழுதிய ஒரு பெண் தன் மணநாளின் குரலில் பேசுகிறார். அவருக்கு அதில் மகிழ்ச்சி இருந்திருக்கும், அதைப் பறிக்க நான் யார்? ஒரு கவிஞராக எனக்குத் தோன்றுவது, குரலுக்கும் வயது ஏறும் என்பதே. எல்லோருக்கும் பிடித்தமான ஒரு நாளில் பெண்ணின் குரலை நிறுத்திவைப்பது நம் பண்பாட்டுக்கு மிகவும் சௌகரியமானது.

இன்னும் ஆழமான சிக்கல் கோக்கும் வேலையில் இருக்கிறது. மூளையிலிருந்து வருவது நிகழ்தகவுகள். இது ப-வாக இருக்கலாம், ம-வாக இருக்கலாம் என்ற அளவில் வருகிறது. அவற்றைச் சொற்றொடராக்குவது ஒரு மொழிமாதிரி. இந்தச் சொல்லுக்குப் பின் பெரும்பாலும் எந்தச் சொல் வரும் என்று, மற்றவர்கள் எழுதிக் குவித்தவற்றிலிருந்து கற்றது அது. 125,000 சொற்களுக்குள் பாட் பேசியபோது பிழை 23.8 விழுக்காடு. ஏறக்குறைய நான்கில் ஒரு சொல் தவறு. அந்த இடத்தில் மாதிரி இட்டு நிரப்புவது அதிகம் புழங்கும் சொல். ஆக, எல்லோரும் சொல்வதைச் சொல்லும் பெண்ணை இந்தக் கருவி நன்றாகக் கேட்கும். யாரும் எதிர்பாராததைச் சொல்பவளைத் திருத்திவிடும் வாய்ப்பு அதிகம். கவிதை முழுவதும் குறைந்த நிகழ்தகவுகளால் ஆனது. மறுப்பும் அப்படித்தான். மகன் பெயருக்கு வீட்டை எழுதச் சம்மதமா என்ற கேள்விக்கு ஒரு தாயிடமிருந்து எதிர்பார்க்கப்படும் விடை என்ன என்பதை எந்த மாதிரியும் சொல்லிவிடும். எங்கள் வீட்டில் அத்தனை பேரும் அதைத்தான் செய்தோம்.

கருவி யாருடையது என்பது அடுத்த கேள்வி. ஆஸ்திரேலியாவின் ரீட்டா லெகெட்டுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. 2010இல், மூளையின் இயக்கத்தைத் தொடர்ந்து பதிவு செய்து வலிப்பு வருமுன் எச்சரிக்கும் ஒரு கருவியைச் சோதனைக்காக அவருக்குப் பதித்தார்கள். 16 மின்முனைகள்தான், இன்றைய அளவில் மிகக் குறைவு. அது அவர் வாழ்க்கையை மாற்றியது. எச்சரிக்கை வந்தால் மருந்து எடுத்துக்கொண்டார், பயமில்லாமல் வெளியே போனார். கருவியைத் தன் ஒரு பகுதியாகவே உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். பிறகு நிறுவனத்திடம் பணம் தீர்ந்தது. பதித்த கருவிகளை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ரீட்டாவும் கணவரும் வீட்டை மறு அடமானம் வைத்தாவது அதை வாங்கிக்கொள்ளப் பார்த்தார்கள். முடியவில்லை. அதிக நாள் மறுத்துப் பார்த்த அவருக்கும் இறுதியில் அது அகற்றப்பட்டது. மேரியிடம் வேண்டாம் என்ற சொல் கேட்கப்படவில்லை. ரீட்டாவிடம் வேண்டும் என்ற சொல் கேட்கப்படவில்லை. 140 ஆண்டு இடைவெளியில் நடைமுறைகள் எவ்வளவோ திருந்தியிருக்கின்றன. கடைசிச் சொல் யாருடையது என்பது மட்டும் அதிகம் நகரவில்லை.

2025 ஆகஸ்டில் ‘செல்’ இதழில் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு என்னைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது போலிருந்தது. இதுவரை கருவிகள் படித்தது பேச முயலும் பேச்சை. அந்த முயற்சி உடலைக் களைப்பாக்குகிறது. முயலாமல், மனதுக்குள் சொல்லிக்கொள்வதையே படிக்க முடிந்தால் நோயாளிக்கு எளிது. நான்கு பேரிடம் பார்த்தார்கள், முடிந்தது. பெரிய சொற்பட்டியலில் மிக நல்ல நிலையில் 74 விழுக்காடு வரை சரியாக வந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. திரையிலுள்ள வட்டங்களை எண்ணச் சொன்னபோது, யாரும் கேட்காத அந்த எண்ணிக்கையும் துடிப்புகளில் தெரிந்தது. அதனால் ஆய்வாளர்கள் ஒரு பூட்டும் செய்து பார்த்தார்கள். ஒரு சாவிச்சொல்லை மனதுக்குள் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும். சாவிச்சொல், ஒரு பழைய குழந்தைகள் கதையின் தலைப்பு: ‘சிட்டி சிட்டி பாங் பாங்’. அதைக் கருவி 98 விழுக்காட்டுக்கு மேல் சரியாக அடையாளம் கண்டது.

முதலில் சிரித்தேன். பிறகு அந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமானது அதுதான் என்று பட்டது. நான் வாசித்த இத்தனை கட்டுரைகளில் பெண்ணின் உள்ளத்துக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தது அது ஒன்றே. என் முதல் தொகுப்பு வந்தபோது ஒரு கூட்டத்தில் எழுந்து ஒருவர் கேட்டார்: “இதெல்லாம் உங்க சொந்த அனுபவமா?” அரங்கம் அமைதியாகக் காத்திருந்தது. ஆம் என்றாலும் குற்றம், இல்லை என்றாலும் பொய். என் தலைமுறையில் எழுத வந்த பெண்கள் பலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். சொன்னதற்குப் பின்னால் சொல்லாதது என்ன என்று தோண்டும் கையை நமக்குத் தெரியும். பேசும் உரிமைக்காக இத்தனை காலம் எழுதிய நாம், பேசாமல் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றிக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். மௌனம் திணிக்கப்பட்டதாகவே இருந்ததால் அதை உடைப்பதே வேலையாக இருந்தது. உடைத்த பிறகும் கதவு என்று ஒன்று வேண்டும்.

சிலி நாடு 2021இல் மூளையின் இயக்கத்தையும் அதிலிருந்து கிடைக்கும் தகவல்களையும் பாதுகாக்கத் தன் அரசமைப்பைத் திருத்தியது. அது தேவைதான். ஆனால் சட்டம் ஒரு தனிமனிதரைக் கற்பனை செய்துகொள்கிறது: சுற்றி யாரும் இல்லாத, தன் சாவியைத் தானே வைத்திருக்கும் ஒருவரை. பேச்சிழந்த பெண் அப்படி இருப்பதில்லை. கருவியைத் தலையில் இணைத்துவிடுபவர் மகளாக இருக்கலாம், செலவைக் கொடுப்பவர் மகனாக இருக்கலாம், திரையைப் படிப்பவர் கணவராக இருக்கலாம். சாவிச்சொல்லை யார் தேர்ந்தெடுப்பார்? நினைத்தபோது மாற்ற அவரால் முடியுமா? அவர் பூட்டியபின் வீட்டார் அதைக் கருவியின் பழுது என்று நினைத்துத் திறந்துவிட்டால்? இவை பொறியியல் கேள்விகள் இல்லை என்று ஒதுக்க முடியாது. ஊசியில் எத்தனை புள்ளிகள் என்று எண்ணுபவர்கள் இவற்றையும் எண்ண வேண்டும்.

அத்தைக்கு அந்தக் கருவி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒருவேளை சம்மதம் என்றே சொல்லியிருக்கலாம். அத்தான் மேல் அவருக்கு உயிர். அவர் மனதில் இருந்தது மறுப்புதான் என்று நான் இப்போது எழுதினால், கண் மூடியதைச் சம்மதம் என்று எழுதிய சார்பதிவாளருக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. அவர் உள்ளே என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தாக வேண்டும் என்ற உரிமையும் எனக்கில்லை. அன்றைக்கு அந்தக் கட்டிலருகே நான் செய்திருக்கக்கூடியது சிறிய வேலை. குனிந்து அவர் காதில் சொல்லியிருக்கலாம்: “அத்தை, வேணாம்னா ரெண்டு தடவ மூடுங்க. சொல்ல இஷ்டமில்லன்னா என்னையே பாத்துட்டு இருங்க.” அதற்கு எந்த மின்முனையும் தேவைப்பட்டிருக்காது.